மூளை இரத்தக்குழாய்ப் புடைப்பும் கணிப்பொறியின் துணையும்

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. 1664ஆம் ஆண்டில் இதனை விரிவாக விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் இது 'வில்லிஸ் வளையம்' என்று வழங்கப்படுகிறது. இவ்வளையத்திலிருந்து கிளைகள் பிரியும் இடங்களில், குழாயின் சுவர் இரத்த ஓட்டத்தின் மோதலை இடையறாது தாங்க வேண்டியுள்ளது. சுவர் நலிந்த இடத்தில், பழைய சைக்கிள் டியூபில் கொப்புளம் எழுவதுபோல, சிறு பை ஒன்று புடைத்துக் கிளம்புவதுண்டு. இதனை மருத்துவர்கள் 'அனூரிசம்' என்பர்; தமிழில் நாளப் புடைப்பு எனலாம்.

வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு இத்தகைய புடைப்பு இருக்கக்கூடும் எனப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் செய்யப்பட்ட மதிப்பீடு கூறுகிறது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். புடைப்பு வலிப்பதில்லை, பார்வை நரம்பையோ, கண்ணை அசைக்கும் நரம்பையோ அழுத்தினாலன்றி எந்த அறிகுறியும் தருவதில்லை. ஆனால் அது வெடிக்குமானால் நிலைமை முற்றிலும் வேறு. மூளையைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறைகளுக்கிடையே இரத்தம் பரவுகிறது. வாழ்நாளில் அதுவரை கண்டிராத கடுமையான தலைவலி, நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும். வாந்தி, கழுத்து விறைப்பு, நினைவிழப்பு ஆகியவை தொடரலாம். உலக அளவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு முதல் ஒன்பது பேர் வரை இவ்விதம் தாக்கப்படுகின்றனர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாதோர் உயிரிழக்கின்றனர். பிழைத்தவர்களுள் பலர் பழைய வேலைக்குத் திரும்ப இயலாத நிலையை அடைகின்றனர். பிற பக்கவாத வகைகள் பெரும்பாலும் முதியோரைத் தாக்க, இது ஐம்பதை ஒட்டிய வயதினரையே மிகுதியும் தாக்குகிறது. குடும்பத்திற்குச் சோறு போடும் வயது அது.

இந்நோயை ஸ்கேன் படங்களில் கண்டறிவதற்குச் செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணிப்பொறி நுட்பத்தைப் பயன்படுத்தும் முயற்சி கடந்த சில ஆண்டுகளில் பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்டுள்ளது. மருத்துவமனைகளில் இத்தகைய மென்பொருள்கள் நுழையத் தொடங்கிவிட்ட நிலையில், அவை எதைச் செய்கின்றன, எதைச் செய்யவில்லை என்பதை மருத்துவ மாணவர்கள் மட்டுமன்றி, கொள்முதலுக்கும் திட்டமிடலுக்கும் பொறுப்பான அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

படம் பிடித்த வரலாறு

உயிருள்ள மனிதனின் மூளை இரத்தக்குழாய்களை முதன்முதலாகப் படம் பிடித்தவர் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ். எக்ஸ்-ரே கதிர்களைத் தடுக்கும் மருந்தொன்றைக் கழுத்துத் தமனியில் செலுத்தி, 1927ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் அவர் இதைச் சாதித்தார். (இவருக்கு 1949இல் நோபல் பரிசு கிட்டியது இச்சாதனைக்காக அன்று, மனநோயாளிகளின் மூளை நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவைக்காக. அந்த அறுவை பின்னர் கைவிடப்பட்டது. குழாய்ப் படமோ இன்றும் நிலைத்திருக்கிறது.) புடைப்பு எங்குள்ளது என்று அறிய வழி பிறந்த பின்னரே அதற்குச் சிகிச்சை செய்யவும் துணிவு பிறந்தது. அமெரிக்க அறுவை நிபுணர் வால்டர் டாண்டி 1937இல் புடைப்பின் கழுத்தில் உலோகக் கவ்வி ஒன்றைப் பொருத்தி அதை இரத்த ஓட்டத்திலிருந்து பிரித்தார். மண்டையோட்டைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்திப் புடைப்பினுள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பும் முறை இத்தாலியரான குய்டோ குலியெல்மியின் முயற்சியால் 1990களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தது.

சி.டி. ஸ்கேன் கருவி 1971இல் இங்கிலாந்தில் முதல் நோயாளியிடம் பயன்படுத்தப்பட்டது. இன்று, கையிலுள்ள நாளத்தில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்திச் சில வினாடிகளில் எடுக்கப்படும் சி.டி. ஆஞ்சியோகிராமே புடைப்பைத் தேடும் முதற் கருவியாக உள்ளது. கதிர்வீச்சோ மருந்தோ இல்லாமல் எடுக்கக்கூடிய எம்.ஆர். ஆஞ்சியோகிராமும் உண்டு, அதற்கு நேரம் கூடுதல், நோயாளி அசையாமல் படுத்திருக்கவும் வேண்டும். குழப்பத்தில் இருக்கும் நோயாளியிடம் அது எளிதன்று.

பத்துக் கோடிப் புள்ளிகள்

தலையின் சி.டி. ஆஞ்சியோகிராம் ஒன்று எவ்வளவு தகவல்களைக் கொண்டது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பிரச்சினையின் தன்மை விளங்கும். ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமும் 512 வரிசை, 512 பத்தி கொண்ட கட்டங்களால் ஆனது. அதாவது 2,62,144 புள்ளிகள். இத்தகைய படங்கள் 400 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் பத்தரைக் கோடிப் புள்ளிகள் சேர்கின்றன. புள்ளி ஒன்று அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும், அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடிய தடிப்பும் கொண்டதெனில், 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள புடைப்பு ஒன்றில் அடங்குபவை ஏறக்குறைய 540 புள்ளிகளே. இரண்டு லட்சம் புள்ளிகளில் ஒன்றுதான் நோயைச் சேர்ந்தது. மூன்று மில்லிமீட்டர் புடைப்பெனில் இவ்விகிதம் மேலும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும்.

கதிரியல் மருத்துவர் இந்நானூறு படங்களையும் திரையில் உருட்டிப் பார்க்கிறார். குழாய்கள் வளைந்து நெளிந்து செல்வன. ஒரு வளைவு ஒரு கோணத்தில் புடைப்பாகவே தோன்றும். கிளை புறப்படும் இடத்தில் இயற்கையாகவே புனல்போல் விரிந்திருக்கும் அமைப்பும் உண்டு, அது நோயன்று. மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்போடு ஒட்டிச் செல்லும் தமனியிலோ, மருந்தும் எலும்பும் ஒரே வெண்மையாகத் தெரிவதால் உண்மையான புடைப்பு மறைந்துவிடும். மற்றொரு இடர்ப்பாடும் உள்ளது. நோயாளிகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புடைப்புகள் இருக்கும். முதலாவதைக் கண்டதும் தேடலில் நிறைவு ஏற்பட்டு, இரண்டாவது கண்ணில் படாமல் போவது அனுபவமிக்கவர்களுக்கும் நேர்வதே.

இங்குதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. பழைய முறையில், புடைப்பு என்பது உருண்டையானது, குழாயோடு ஒட்டியிருப்பது என்றவாறு விதிகளை மனிதரே எழுதிக் கணிப்பொறிக்கு அளித்தனர். விதிக்கு விலக்குகள் பெருகவே அம்முறை பெரும்பயன் தரவில்லை. புதிய முறையில் விதிகள் எழுதப்படுவதில்லை. மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான ஸ்கேன்களில் புடைப்பின் எல்லையைப் புள்ளி புள்ளியாக வரைந்து தருகின்றனர். பல அடுக்குகளாக அமைந்த கணித வலையமைப்பு ஒன்று ஒவ்வொரு ஸ்கேனையும் பார்த்து, ஒவ்வொரு புள்ளியும் புடைப்பைச் சேர்ந்ததாக இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என ஊகிக்கிறது. ஊகம் மருத்துவர் வரைந்த எல்லையோடு ஒப்பிடப்படுகிறது. பிழையின் அளவுக்கேற்ப வலையமைப்பினுள் உள்ள லட்சக்கணக்கான எண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன. இது ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடைபெறுகிறது. முதல் அடுக்குகள் விளிம்பு, வளைவு போன்ற எளிய வடிவங்களையும், அடுத்தடுத்த அடுக்குகள் அவற்றின் சேர்க்கைகளையும் அறியக் கற்கின்றன. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் உருவான 'யூ-நெட்' என்ற அமைப்பும் அதன் முப்பரிமாண வழித்தோன்றல்களும் இப்பணியில் பெரிதும் கையாளப்படுகின்றன.

இரண்டு லட்சத்தில் ஒன்று என்ற விகிதம் இங்கும் தொல்லை தருகிறது. எல்லாப் புள்ளிகளையும் 'புடைப்பன்று' என்று சொல்லிவிட்டாலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சரியாகச் சொன்ன பெருமை கணிப்பொறிக்குக் கிடைத்துவிடும்! ஆகவே நோய்ப் புள்ளியைத் தவறவிட்டால் தண்டனை மிகுதியாகும்படி பயிற்சிக் கணக்கு அமைக்கப்படுகிறது. ஒரு மென்பொருளின் விளம்பரத்தில் '99 விழுக்காடு துல்லியம்' என்று காணும்போது, அது எதைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்று கேட்க வேண்டியதன் காரணம் இதுவே.

ஆய்வுகள் காட்டியவை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. 662 நோயாளிகளின் 818 சி.டி. ஆஞ்சியோகிராம்கள் அதில் பயன்படுத்தப்பட்டன. பயிற்சிக்குப் பயன்படாத 115 படங்களை எட்டு மருத்துவர்கள் இருமுறை, கணிப்பொறியின் குறியீடு இல்லாமல் ஒருமுறையும் குறியீட்டோடு ஒருமுறையுமாக, படித்தனர். துணையின்றிப் படித்தபோது உண்மையான நோயாளிகளில் 83.1 விழுக்காட்டினரை அவர்கள் சராசரியாகக் கண்டறிந்தனர். துணையோடு படித்தபோது இது 89 விழுக்காடாக உயர்ந்தது. நோயில்லாதவர்களை நோயுள்ளவர்கள் என்று கூறும் பிழை குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. மருத்துவர்களுக்கிடையே கருத்தொற்றுமையும் கூடியது.

இவ்வாய்வில் வேறிரு செய்திகள் அடங்கியுள்ளன. அவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒன்று, படிக்கும் நேரம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. வேலைப் பளுவைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்போடு கருவியை வாங்கும் நிர்வாகிகள் கருத்தில் கொள்ள வேண்டிய முடிவு இது. மற்றொன்று, 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த புடைப்புகளும், ஏற்கெனவே வெடித்தவையும், கவ்வியோ சுருளோ பொருத்தப்பட்டவையும் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. நள்ளிரவில் அவசரப் பிரிவிற்கு வரும் நோயாளிகள் இவ்வாறு வடிகட்டப்பட்டு வருவதில்லை.

ஜப்பானில் நிலைமை சற்று வேறானது. நோய் அறிகுறி இல்லாதவர்களும் தம் செலவில் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அங்குப் பல்லாண்டுகளாக உண்டு. எம்.ஆர். ஆஞ்சியோகிராம் படங்கள் குவிந்திருப்பதால் அந்நாட்டு ஆய்வாளர்கள் இத்துறையில் முன்னணியில் உள்ளனர். புடைப்பைச் சுட்டும் மென்பொருளுக்கு அங்கு 2019இலேயே அரசு ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்காவிலும் 2022இல் இத்தகைய மென்பொருள்கள் அனுமதி பெற்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் 2020இல் ஒரே ஸ்கேன் தொகுப்பைப் பல குழுக்களுக்கும் அளித்துப் போட்டி ஒன்றை நடத்தினர். ஒவ்வொரு குழுவும் தன் படத்தைத் தானே சோதித்துத் தனக்குத் தானே மதிப்பெண் வழங்கிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். வட அமெரிக்கக் கதிரியல் சங்கமும் 2025இல், பல மருத்துவமனைகளின் படங்களைத் திரட்டி இதே பொருளில் போட்டி நடத்தியது.

இத்தகைய பொதுச் சோதனை ஏன் தேவைப்படுகிறது? ஒரு மருத்துவமனையின் படங்களில் பயின்ற கணிப்பொறி, வேறொரு கம்பெனியின் ஸ்கேன் கருவியிலிருந்து வரும் படத்தைக் காணும்போது தடுமாறுவதுண்டு. படத்தின் தடிப்பு, மருந்து செலுத்திய வேகம், படம் எடுத்த வினாடி ஆகியவை மாறினாலே போதும். கதிரியல் மருத்துவர் இந்த மாறுபாட்டைப் பார்த்த மாத்திரத்தில் உணர்ந்து, படம் சரியில்லை என்று கூறிவிடுவார். கணிப்பொறியோ வழக்கமான நம்பிக்கையுடனேயே தவறான விடையைத் தரும்.

ஒரு கணக்கு

நோயைத் தேடிக் கண்டறிவதே நன்மை என்றால், அனைவரையும் ஸ்கேன் செய்துவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கு விடை ஒரு சிறு கணக்கில் உள்ளது. அறிகுறி இல்லாத 1,000 பேரைச் சோதிப்பதாகக் கொள்வோம். அவர்களுள் 30 பேருக்குப் புடைப்பு இருக்கும். நோயுள்ள நூறு பேரில் 90 பேரைக் கண்டுபிடித்து, நோயில்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விலக்கும் கருவி நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 30 பேரில் 27 பேரைக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 970 பேரில் 97 பேரையும் நோயாளிகள் என்று சுட்டும். ஆக, சுட்டப்பட்ட 124 பேரில் உண்மையான நோயாளிகள் 27 பேர் மட்டுமே. ஐவரில் நால்வருக்கு வீண் கலக்கம். கருவியின் தரம் குறைவு என்பதால் நேர்ந்ததன்று இது. நோய் அரிதாக இருப்பதால் நேர்வது. திடீரெனக் கடுந்தலைவலியுடன் வந்தவர்களிடமும், நெருங்கிய உறவினர் இருவருக்கு இந்நோய் கண்ட குடும்பத்தினரிடமும், பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோயாளிகளிடமும் புடைப்பு கூடுதலாகக் காணப்படுவதால் அங்கு இதே கருவியின் சொல் கூடுதல் மதிப்புப் பெறுகிறது.

கண்டுபிடிக்கப்பட்ட அந்த 27 பேரின் கதையும் எளிதில் முடிவதில்லை. ஜப்பானில் 5,720 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, வெடிக்காத புடைப்பு ஒன்று ஓராண்டில் வெடிக்கும் வாய்ப்பு சராசரியாக நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. 3 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ளவற்றில் அது 0.36 விழுக்காடு, 10 முதல் 24 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றில் 4.37 விழுக்காடு. அறுவையிலும் சுருள் சிகிச்சையிலும் அவற்றுக்கே உரிய ஆபத்து உண்டு. எனவே சிறிய புடைப்புக்குப் பெரும்பாலும் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துதல், புகைபிடிப்பதை நிறுத்துதல், குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் படம் எடுத்தல் ஆகியவையே அறிவுறுத்தப்படுகின்றன. எப்புடைப்பு வெடிக்கும் என்பதைக் கணிக்க 2014இல் வகுக்கப்பட்ட மதிப்பெண் முறை ஒன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. நோயாளியின் நாடு, இரத்த அழுத்தம், வயது, புடைப்பின் அளவு, இடம், முன்பு இரத்தக்கசிவு ஏற்பட்டதா என்பவை அதில் கணக்கில் கொள்ளப்படும். ஃபின்லாந்தினருக்கும் ஜப்பானியருக்கும் அதில் தனி மதிப்பெண் உண்டு. இந்தியருக்கென்று தனிப் பிரிவு இல்லை.

நமது நாட்டில்

இந்தியாவில் இந்நோய் மேலைநாடுகளைவிடக் குறைவு என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வந்தது. சென்னையின் புகழ்பெற்ற நரம்பியல் அறுவை நிபுணர் டாக்டர் பி. ராமமூர்த்தி 1969ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இதழ் ஒன்றில் இப்பொருள் பற்றிக் கட்டுரை எழுதியுள்ளார். நோயே குறைவா, அல்லது நோயாளி மருத்துவமனையை அடையும் முன்பே இறந்துவிடுவதாலும் ஆஞ்சியோகிராம் வசதி அரிதாக இருந்ததாலும் கணக்கில் வராமல் போனதா என்ற விவாதம் அன்றிலிருந்து தொடர்கிறது. ஸ்கேன் வசதி பெருகப் பெருக நோயாளிகளின் எண்ணிக்கையும் பெருகியது, இரண்டாம் கருத்துக்கே வலுவூட்டுகிறது.

தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் 2015இல் தொடங்கப்பட்ட இலவசப் பரிசோதனைத் திட்டம் சி.டி. ஸ்கேன் சேவையையும், தொலைவிலிருந்து எக்ஸ்-ரே படம் படிக்கும் சேவையையும் உள்ளடக்கியது. ஸ்கேன் கருவி மாவட்டத் தலைநகரை எட்டிவிட்ட பல இடங்களில் கதிரியல் நிபுணர் எட்டவில்லை. அவர்கள் பெருநகரங்களிலேயே மிகுதியாக உள்ளனர். படம் மாவட்டத்தில் எடுக்கப்பட்டு, அறிக்கை வேறோர் ஊரிலிருந்து வருகிறது. வரிசையில் காத்திருக்கும் நூறு படங்களில் எது அவசரம் என்று பிரித்துக் காட்டுவதே இந்நிலையில் கணிப்பொறி செய்யக்கூடிய முதல் உதவி.

இதில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நமது மாவட்ட மருத்துவமனைகளில் பெரும்பாலும் எடுக்கப்படுவது மருந்து செலுத்தாத சாதாரண சி.டி. ஸ்கேன். அதில் கசிந்த இரத்தம் தெரியும். புடைப்பு பொதுவாகத் தெரியாது. இரத்தக்கசிவைச் சாதாரண ஸ்கேனில் கண்டறியும் பணியில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. மும்பையைச் சேர்ந்த க்யூர்.ஏஐ நிறுவனத்தினர், நாட்டின் ஏறத்தாழ 20 மையங்களிலிருந்து திரட்டிய மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட தலை ஸ்கேன்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. புதுதில்லி மையங்களில் எடுக்கப்பட்ட 491 ஸ்கேன்கள் மூன்று மருத்துவர்களின் முடிவுகளோடு அனைவரும் பயன்படுத்தும் வண்ணம் பொதுவில் வைக்கப்பட்டன. இந்தியாவில் எடுத்த படங்களில் பயின்ற கருவி என்பது இதன் தனிச்சிறப்பு.

ஆகவே மாவட்ட அளவில் வரிசைமுறை இவ்வாறு அமைதல் பொருத்தமாக இருக்கும்: சாதாரண ஸ்கேனில் இரத்தக்கசிவு என்று கணிப்பொறி எச்சரித்தவுடன், நோயாளி மேசையில் இருக்கும்போதே, மருத்துவரின் ஆணைப்படி ஆஞ்சியோகிராமும் எடுக்கப்படல். இதற்கு மருந்தைச் சீரான வேகத்தில் செலுத்தும் பம்பும், அயோடின் மருந்தும், அதனால் ஒவ்வாமை ஏற்பட்டால் சமாளிக்கத் தெரிந்த பணியாளரும் வேண்டும். மென்பொருளின் விலையைவிட இவற்றின் தட்டுப்பாடே பல இடங்களில் பெரிய தடை. இவையின்றிப் புடைப்பைக் கண்டறியும் மென்பொருளை வாங்கி வைப்பது, கிணறு வெட்டாமல் பம்புசெட் வாங்குவதை ஒக்கும்.

நேரமும் இங்கு முக்கியம். ஒருமுறை வெடித்த புடைப்பு மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது வெடிப்பில் பிழைப்போர் சிலரே. ஆனால் நோயை முதலில் தவறவிடுவது ஸ்கேன் அறையில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் 482 நோயாளிகளைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வில், அவர்களுள் 12 விழுக்காட்டினர் முதலில் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தனர். ஒற்றைத் தலைவலி என்றோ சாதாரணத் தலைவலி என்றோ கருதி அனுப்பப்பட்டவர்களே மிகுதி. தவறிழைத்தோர் பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கவே இல்லை. எடுக்கப்படாத படத்தை எந்தக் கணிப்பொறியும் படிக்க இயலாது. திடீர்த் தலைவலியோடு வருபவரிடம் 'வலி எவ்வளவு நேரத்தில் உச்சத்தை எட்டியது?' என்று கேட்கப் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் பங்கு இதனால் சிறிதும் குறைந்துவிடவில்லை.

சட்டமும் பொறுப்பும்

மருத்துவக் கருவிகள் தொடர்பான விதிகள் 2017இல் வகுக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான அறிவிப்பின்படி, அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, நோயைக் கண்டறியப் பயன்படும் மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்தது. எனவே இது சாதாரணக் கணிப்பொறிச் சாமான் வாங்குவது போன்றதன்று. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகள், இறுதி முடிவில் மனிதரின் மேற்பார்வை இருக்க வேண்டுமென வலியுறுத்துகின்றன. அதே ஆண்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பயிற்சிக்காக ஸ்கேன் படங்களைத் திரட்டுவோரும் கருத்தில் கொள்ள வேண்டியது. தலையின் ஸ்கேனிலிருந்து நோயாளியின் முகத்தையே கணிப்பொறியில் மீண்டும் உருவாக்க முடியும் என்பதால், பெயரை நீக்கிவிட்டால் மட்டும் அடையாளம் நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது.

மனிதரின் மேற்பார்வை என்பது காகிதத்தில் எளிது. நாள்தோறும் சரியான குறியீட்டைத் தரும் கருவியோடு பழகிய மருத்துவர், அது குறியிடாத படத்தை விரைந்து புரட்டிவிட்டுப் போகும் பழக்கத்திற்கு ஆளாவதுண்டு. இதைத் தவிர்க்க, மருத்துவர் தம் முடிவை முதலில் பதிவு செய்த பின்னரே கணிப்பொறியின் குறி திரையில் தோன்றும்படி அமைப்பது ஒரு வழி. முதுநிலை மாணவர்கள் பயிலும் கல்லூரிகளில் இது இன்னும் தேவையானது. தாமே தேடிப் பழகாத கண் பின்னர் கருவியின் பிழையைத் திருத்தும் தகுதி பெறாது.

ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரிகள், தம் மாவட்டத்தில் ஏற்கெனவே எடுக்கப்பட்டு முடிவு தெரிந்த ஸ்கேன்களில், தம் சொந்தக் கருவியில் எடுத்த படங்களைக் கொண்டு, மென்பொருளைச் சோதிக்கும்படி கேட்கலாம். 3 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான புடைப்புகளில் கண்டறியும் திறன் தனியாகவும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சராசரியாக எத்தனை பொய்க் குறிகள் என்பது தனியாகவும் கேட்கப்படல் வேண்டும். இவ்விரு எண்களும் தராதவரிடமிருந்து வாங்குவதில் பொருளில்லை.

கண்டறிந்த பின்

கண்டறிந்த நோயாளிக்குச் சிகிச்சை கிடைக்கும் இடங்கள் நாட்டில் இன்னும் சிலவே. பெங்களூரின் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்றவை பல மாநில நோயாளிகளுக்கும் புகலிடமாக உள்ளன. 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் இறக்குமதியாகும் சுருள்களின், குறிப்பாகப் பெரிய புடைப்புகளில் இரத்த ஓட்டத்தையே திசை திருப்பும் வலைக்குழாய்களின், விலை மிகுதி. திருவனந்தபுரம் நிறுவனம் நிக்கல்-டைட்டானியக் கலவையாலான அத்தகைய வலைக்குழாய் ஒன்றை உள்நாட்டிலேயே வடிவமைத்திருப்பதாக 2021இல் அறிவிக்கப்பட்டது.

சிகிச்சை உடனடியாகத் தேவைப்படாத சிறு புடைப்பு உள்ளவர்களே எண்ணிக்கையில் பெரும்பாலோர். வேறு காரணத்திற்காக எடுத்த ஸ்கேனில் கணிப்பொறி ஒரு நான்கு மில்லிமீட்டர் புடைப்பைக் காட்டுகிறது. அறிக்கையில் ஒரு வரி எழுதப்படுகிறது. நோயாளி அறிக்கையை வீட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். ஓராண்டு கழித்து அவரை அழைத்து மறுபடம் எடுக்க வேண்டியவர் யார் என்பது பெரும்பாலான மருத்துவமனைகளில் வரையறுக்கப்படவில்லை. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் வழங்கும் சுகாதார அடையாள எண்ணோடு இணைத்து மாவட்ட அளவில் இவர்களுக்கென்று ஒரு பதிவேடு தொடங்குவதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. நோயாளியின் தொலைபேசி எண், புடைப்பின் இடமும் அளவும், கடைசியாக அளந்த இரத்த அழுத்தம், அடுத்த ஸ்கேன் தேதி ஆகிய நான்கு பத்திகளும், அதை மாதந்தோறும் புரட்டிப் பார்க்கப் பொறுப்பேற்ற ஓர் ஊழியரும் போதும்.